கரையில் ஏற்றிய கூண்டு

"எச்சரித்தோம், கேட்காமல் போனார்கள்." அரபிக்கடலில் புயல் வந்து படகுகள் கவிழும் ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியம் கரையில் உலவத் தொடங்கிவிடுகிறது. அதிகாரிகள் பேட்டியில் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள், கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் காலை நாளிதழை மடித்து வைத்துக்கொண்டே சொல்பவர்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலைப் பற்றிய பொதுக்கருத்தாகவே இது நிலைத்துவிட்டது. சொல்பவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. இத்தனை பேர் இறந்ததற்கு ஏதாவதொரு காரணம் வேண்டியிருக்கிறது, இது கைக்கு எட்டிய காரணம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று துணிபுகள் இருக்கின்றன: எச்சரிக்கை உரிய நேரத்தில் வெளிவந்தது, அது மீனவர்களிடம் போய்ச் சேர்ந்தது, சேர்ந்த பிறகு அவர்கள் அதை மீறினார்கள். ஒக்கியைப் பொறுத்தவரை முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, ஆழ்கடலில் இருந்தவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் உண்மையில்லை. போய்ச் சேராத ஒன்றை மீற முடியாது என்பதால் மூன்றாவதற்கு அங்கே இடமேயில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் சேர்த்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போன ஒரு நிகழ்வை இவ்வளவு தளர்வான ஒரு வாக்கியத்தில் கட்டிவைத்திருக்கிறோம்.

நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது நவம்பர் 29-ஆம் தேதி. அன்றைய அறிவிப்புகளில் பலத்த காற்று வீசும், கடல் சீற்றமாக இருக்கும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வாசகம் இருந்தது. அன்றிரவு அந்த மண்டலம் குமரிக் கடலுக்குள் நகர்ந்தது. 30-ஆம் தேதி விடியும்போது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவும், காலை எட்டரை மணிக்குப் புயலாகவும் மாறியிருந்தது. அப்போது அது கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரைக்கு மிக அருகில் நின்றது. புயல் என்ற சொல்லோடு வந்த எச்சரிக்கை அன்று நண்பகலில்தான் தங்களுக்குக் கிடைத்தது என்று கேரள அரசு சொன்னது. முன்பே மீனவர்களுக்கான எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்று வானிலைத் துறை சொன்னது. டெல்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே நடந்த இந்த வழக்கில் இரு தரப்பும் ஒரே அனுமானத்தின் மேல் நின்றுதான் வாதாடின. எச்சரிக்கை என்பது ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும் கடிதம், அது எத்தனை மணிக்குப் போனது என்பதே கேள்வி என்ற அனுமானம் அது. கொச்சிக்கு மேற்கே இருநூறு கடல் மைல் தொலைவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த படகுக்கு அது எத்தனை மணிக்குப் போனது என்று இரு தரப்பில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பல படகுகள் விஷயத்தில் விடை, போகவேயில்லை என்பதுதான்.

அந்தப் படகுகள் யாருடையவை என்பதை மட்டாஞ்சேரிக்காரர்கள் நன்கறிவார்கள். பக்கத்திலிருக்கும் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு தொழில் செய்யும் ஆழ்கடல் விசைப்படகுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கோரத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்களுடையது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று சில கிலோமீட்டர் நீளத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர்கள் அவை. இந்தியாவில் சுறாவையும் சூரையையும் தேடி இவ்வளவு தூரம் போகும் மீனவச் சமூகம் வேறில்லை என்றே சொல்லலாம். லட்சத்தீவைத் தாண்டி, ஓமான் கடல்வரை, தெற்கே டீகோ கார்சியா பக்கம்வரை போய்ப் பிடிபட்டவர்களும் இவர்கள்தான். ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை துறைமுகத்தைவிட்டுக் கிளம்பினால் இருபது நாள், முப்பது நாள், சில வேளை அதற்கும் மேல் கடலிலேயே தங்கல். நவம்பர் 29-ஆம் தேதி "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று எழுதப்பட்டபோது இவர்கள் கடலுக்குப் போய் வாரக்கணக்கில் ஆகியிருந்தது. புயலுக்குப் பிறகு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் 68 படகுகள் ஒதுங்கின, அவற்றில் 952 பேர் உயிரோடு இருந்தார்கள் என்ற செய்தி டிசம்பர் 2-ஆம் தேதி வந்தது. முந்தின நாள் சொன்னதை மீறிக் கரையிலிருந்து கிளம்பிய படகுகள் அவ்வளவு வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. தொலைவே அவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

எச்சரிக்கை அவர்களை எட்ட என்ன வழி இருந்தது? கைப்பேசி கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குமேல் வேலை செய்யாது. படகிலுள்ள வயர்லெஸ் கருவி அடிவானத்தைத் தாண்டாத அலையில் பேசுவது, சுமார் இருபது கடல் மைலுக்குள் வேறொரு படகு இருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் இரைச்சல்தான். சங்கிலிபோல் படகுக்குப் படகு செய்தியைக் கைமாற்றிக்கொள்வது மீனவர்கள் தாங்களாக வைத்திருக்கும் ஏற்பாடு. அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மறுபக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள், அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கெடுபிடி இன்னும் இறுகியது. பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட தடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேட்கும் கருவியைத் தடுத்து வைத்திருந்த அரசே, காதில் வாங்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. பெரிய கப்பல்களின் கதை வேறு. 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சர்வதேச விதிப்படி செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் கருவியை வைத்திருந்தே ஆக வேண்டும், இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்கான அந்தச் செய்திகளைத் தயாரித்து அனுப்புவதும் இந்திய வானிலைத் துறைதான். அதாவது அதே கடலில், அதே இரவில், எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் எச்சரிக்கை அச்சாகி வந்துகொண்டிருக்கலாம். அதன் விளக்கு வெளிச்சம் தெரியும் தூரத்தில் கிடக்கும் தூத்தூர்ப் படகுக்கு ஒன்றும் வந்திருக்காது.

இந்த வேறுபாடு நேற்று உண்டானதில்லை. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பிறகுதான், 1865-இல், அங்கே துறைமுகத்துக்கான புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. இந்திய வானிலைத் துறை பிறந்தது அதற்கும் பத்தாண்டு கழித்து, 1875-இல். கப்பலைக் காப்பதற்காகத் துறைமுகத்தை மையமாக வைத்துப் பிறந்த முறை அது. தமிழில் நாம் இன்றும் "புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று எழுதுகிறோம். அந்தக் கூண்டு துறைமுகக் கம்பத்தில் ஏறுவது, ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண் கொண்டது, துறைமுகத்துக்குள் நிற்பவர்களும் வாசலில் வந்துகொண்டிருப்பவர்களும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. கம்பம் போய் இணையதளம் வந்துவிட்டாலும் எச்சரிக்கையின் முகம் திரும்பியிருக்கும் திசை மாறவில்லை. அது கரையில் இருப்பவனைப் பார்த்து "போகாதே" என்கிறது. ஏற்கெனவே போனவனைப் பார்த்துச் சொல்ல அதனிடம் ஒரு சொல்லும் இருந்ததில்லை. தங்குகடல் தொழில் வளர்ந்து, படகுகள் நூற்றுக்கணக்கான மைல் போகத் தொடங்கிய பின்னும் வாசகம் அப்படியே நின்றது. ஒக்கியில் நடந்ததை ஒரு நாள் இரவின் தாமதம் என்று சுருக்குவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எல்லோரும் ஆழ்கடலில் இருந்தவர்களா? திருவனந்தபுரம் கரையின் விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் சிறு வள்ளங்களில் 29-ஆம் தேதி மாலையில் போனவர்கள் இல்லையா? அவர்களுக்கு எச்சரிக்கை இருந்ததே? இருந்தது. அந்த எச்சரிக்கை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்: இந்த அச்சு வார்ப்பிலான வாசகம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் தொடர்ந்து வருவது. வடகிழக்குப் பருவத்திலும் ஒவ்வொரு தாழ்வுநிலைக்கும் வருவது. அது வந்த நாட்களில் பெரும்பாலானவற்றில் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்ததோடு சரி. 29-ஆம் தேதி வந்ததும் அதே வார்ப்பில் இருந்தது. இரு வேறு ஆபத்துகளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், கேட்பவன் அந்தச் சொல்லுக்குத் தான் பலமுறை கண்ட பொருளைத்தான் கொள்வான். அவன் அறிவோடு நடந்துகொண்டதன் விளைவு அது, அலட்சியத்தின் விளைவில்லை. நாளைக்குக் காலை இது வழக்கமான காற்றாக இருக்காது, புயலாக மாறக்கூடும், எங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை என்று அன்று மாலை யாராவது சொல்லியிருந்தும் போயிருந்தால் குற்றம் சாட்டலாம்.

"அதிகமாக எச்சரித்தால் என்ன நஷ்டம், பத்து முறை பொய்த்தாலும் ஒருமுறை உயிர் பிழைக்குமே" என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் வாதம் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். எச்சரிக்கை பொய்த்தால் அதை எழுதியவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. வராத புயலுக்காகக் கரையில் நின்ற வள்ளக்காரருக்கு அன்றைய அடுப்பு எரியாது. டீசலுக்கும் ஐஸுக்கும் துறைமுகத் தரகரிடம் வாங்கிய முன்பணம் தள்ளுபடியாகாது, பங்குமுறையில் வேலை செய்யும் தொழிலாளிக்கு மீன் இல்லாவிட்டால் கூலியும் இல்லை. ஏற்கெனவே கேரளத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலையில் 52 நாள் தடை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் 61 நாள். அதற்குமேல் எச்சரிக்கை நாட்கள். 2021-இல் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எச்சரிக்கையால் வேலையிழந்த நாட்களுக்காக மீனவக் குடும்பத்துக்கு 3,000 ரூபாய் வழங்கக் கேரள அரசு முடிவெடுத்தது. தொகை சிறிது. ஆனால் அந்த முடிவில் ஒரு பெரிய ஒப்புதல் அடங்கியிருக்கிறது: எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு, அதை மீனவன் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தான். எச்சரிக்கை நாள் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுப்பது விதியானால் இரண்டு நன்மை. கரையில் நிற்பது கட்டுப்படியாகும். எழுதுகிற கையும், கன்னியாகுமரியிலிருந்து லட்சத்தீவுவரை, மாலத்தீவுவரை ஒரே கோட்டுக்குள் அடைத்துவிட்டுப் பொறுப்பு முடிந்ததென்று எழுந்துபோகாமல், எந்தப் பகுதி, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று நுணுகிப் பார்க்கும்.

மீனவர்கள் அறிவியலை நம்பாதவர்கள், பரம்பரை அனுபவம் போதும் என்று இருப்பவர்கள் என்பது இந்தப் பொதுக்கருத்தின் அடியில் ஓடும் இன்னொரு எண்ணம். தோப்பும்படியில் கட்டியிருக்கும் எந்த ஆழ்கடல் படகின் ஓட்டுநர் அறையையும் நினைத்துப் பாருங்கள்: ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், கடல்வரைபடம் ஓடும் திரை. கடன் வாங்கி இவற்றைப் பொருத்தியவர்கள் அவர்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் தரவிலிருந்து எங்கே மீன் கிடைக்கக்கூடும் என்று கணித்துத் தரும் அறிவிப்பை எதிர்பார்த்து வலை விடுபவர்கள் பலர். பயன்படும் தகவலை அவர்கள் என்றும் தள்ளியதில்லை. சொல்லப்போனால் அறிவு எதிர்த்திசையிலும் பாய்ந்திருக்கிறது. காற்றே இல்லாத தெளிவான நாளில் திடீரெனக் கடலேறி வருவதைக் கேரளத்து மீனவர்கள் "கள்ளக்கடல்" என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து கரையேறுவதே அது என்று பின்னர் அறிவியல் விளக்கியது, 2012-இல் யுனெஸ்கோவும் அந்த மலையாளச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. இன்று தமிழகக் கடற்கரைக்கான அறிவிப்பிலும் கள்ளக்கடல் என்றே வருகிறது. கச்சானும் வாடையும் கொண்டலும் எங்கே திரும்பும், நீவாடு என்னும் நீரோட்டம் எப்படி மாறும் என்று படிக்கத் தெரிந்தவர்களின் சொல் கணினி முன்கணிப்போடு சேர்ந்தபோது எச்சரிக்கை எல்லோருக்கும் புரிந்தது. அந்தச் சேர்க்கை ஏன் காற்றின் விஷயத்தில் நடக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எச்சரிக்கை ஒழுங்காக வந்தால் இந்நாட்டு மக்கள் கேட்பார்கள் என்பதற்கு ஒடிசா கண்முன் நிற்கிறது. 1999-இல் வந்த பெரும்புயலில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் ஃபைலின் வந்தபோது நாலைந்து நாள் முன்பே பாதையும் வலுவும் சொல்லப்பட்டன, போய்த் தங்க இடம் இருந்தது, சுமார் பத்து லட்சம் பேர் வீட்டைவிட்டு எழுந்து போனார்கள், இறப்பு சில பத்துகளுக்குள் நின்றது. இடையில் ஒடிசா மக்களின் குணம் மாறிவிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த எச்சரிக்கையும், எச்சரிக்கையைக் கேட்டபின் போவதற்கான இடமும் மாறியிருந்தன. எதிர்த் திசையிலிருந்து இன்னொரு சான்று. 2021 மே மாதம் டவ்தே புயல் வந்தபோது நாட்கணக்கில் முன்னறிவிப்பு இருந்தது, மீனவர்களில் பெரும்பாலோர் கரை திரும்பியிருந்தார்கள். அப்போது மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயலில் 261 பேரோடு நின்ற பி-305 என்ற தங்குமிடப் படகு நங்கூரம் அறுந்து, மே 17-ஆம் தேதி மூழ்கியது, எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தொலைத்தொடர்புக்குக் குறைவில்லை, படித்த பொறியாளர்கள் இருந்தார்கள், எச்சரிக்கை கையில் இருந்தது. ஆனாலும் நிற்பதா திரும்புவதா என்ற முடிவு வேலை, செலவு, யார் பொறுப்பு என்ற கணக்குகளுக்குள் சிக்கியது. அந்தப் பேரழிவைப் பற்றி, படிப்பறிவில்லாததால் போய்ச் செத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. விசாரணை கேட்டார்கள், நிர்வாகத்தின் முடிவை ஆராய்ந்தார்கள். சரியான அணுகுமுறைதான் அது. தூத்தூர்க்காரனுக்கு மட்டும் அதே அணுகுமுறையை ஏன் மறுக்க வேண்டும்?

அறிவியலின் பக்கம் நின்று சொல்லப்படும் வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வெப்பமண்டலக் கடலில் காற்றை முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பது உண்மை. ஐரோப்பாவை ஒட்டிய கடல்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள அழுத்த மாற்றங்கள் காற்றை ஓட்டுகின்றன, வரைபடத்தில் அவை நாட்கணக்கில் தெரிந்துகொண்டே வரும். இங்கே வெப்பமான நீரின்மேல் எழும் இடிமேகக் கூட்டம் சில மணிநேரத்தில் திரண்டு சுழலத் தொடங்கிவிடும். ஒக்கி நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஏழெட்டு டிகிரிக்குள், இலங்கை நிலத்தை உரசியபடி உருவெடுத்தது. அந்தப் பகுதியில் அளவெடுக்கும் மிதவைகள் குறைவு, கடற்காற்றை அளக்கும் செயற்கைக்கோள் ஓரிடத்தின் மேலாகக் கடப்பது நாளைக்கு ஓரிரு முறை. தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலானதை முன்பே கண்டிருக்க வேண்டும் என்று எவரையும் நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் இந்த வாதம் "எச்சரித்தோம், கேட்கவில்லை" என்பதோடு ஒரே வாயில் வரக்கூடாது. முன்பே தெரிந்திருக்க முடியாது என்றால், தெரிந்து சொல்லியும் மீறினார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். உறுதியில்லாமை என்பதும் ஒரு தகவல்தான். புயலாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று சொன்னால் மீனவனுக்குப் புரியாது என்று நினைப்பவர்கள், ஒவ்வொரு நாளும் டீசல் செலவையும் மீன் வாய்ப்பையும் ஏலவிலையையும் எடைபோட்டுத் தொழில் நடத்துகிறவனை அறியாதவர்கள்.

எச்சரிக்கையின் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். வழக்கமான இரண்டாவது வாசகம், "ஆழ்கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்புக." கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது! இருநூறு கடல் மைல் அப்பால் நிற்கும் படகு மணிக்கு ஏழு கடல் மைல் வேகத்தில் வந்தால் கரை சேர இருபத்தெட்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் அமைதியான கடலில். நவம்பர் 30 நண்பகலில் அந்தச் செய்தி எப்படியோ எட்டியிருந்தாலும், கரைக்குத் திரும்பிய படகு மறுநாள் முழுவதும் கடலில்தான் இருந்திருக்கும். அந்த நேரத்தில் ஒக்கி தீவிரமடைந்து லட்சத்தீவை நோக்கி மேற்கு வடமேற்காக நகர்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி அதன் காற்று மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் ஆபத்தான பாதி என்பது கப்பலோட்டப் படிப்பவர்களுக்கு ஆரம்பப் பாடம். புயலின் சுழற்சி வேகமும் நகர்வு வேகமும் அங்கே ஒன்று சேரும், படகைப் புயலின் பாதைக்குள்ளேயே தள்ளும். ஒக்கியின் வலப்பக்கம் என்பது வடக்கு, வடகிழக்கு, அதாவது கேரளக் கரையின் பக்கம். ஆகவே அன்று தெற்கே நின்ற ஒரு படகுக்குக் "கரைக்கு வா" என்பது புயலின் குறுக்கே வா என்று சொன்னதற்குச் சமமாகியிருக்கக்கூடும். அந்தப் படகுக்குத் தேவைப்பட்டது புயலின் மையம் இப்போது எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் நிற்கிறது, எத்திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது, எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்ற நாலு வரி. ஜிபிஎஸ் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அந்த எண்களைக் கொண்டு தானே முடிவெடுப்பார். மாலுமிக்கு எண்களைக் கொடுக்கிறோம், மீனவனுக்கு உத்தரவைக் கொடுக்கிறோம் என்பதுதான் இங்குள்ள கோளாறு.

ஒக்கிக்குப் பிறகு எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டதே என்று கேட்கலாம். நிறைய நடந்திருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. திருவனந்தபுரத்தில் 2018-இல் புயல் எச்சரிக்கை மையம் அமைந்தது. மீனவர்களுக்கான அறிவிப்பு வரைபடத்தோடும் ஐந்து நாள் நோக்கோடும் வருகிறது. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது, செயற்கைக்கோளிலிருந்து செய்தியைப் பெற்று ஓட்டுநரின் கைப்பேசிக்குத் தரும். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழியாகச் செய்தி அனுப்பும் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் நல்லவை. இவை தேவைப்பட்டன என்பதே, 2017-இல் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற என் வாதத்துக்கு அரசே தந்த ஒப்புதல் என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கருவி வந்ததும் விவாதம் முடிந்துவிட்டது என்பதை ஏற்க முடியாது. ஜெமினி கேட்கும், பேசாது. கடலில் நிற்பவன் தன்னைச் சுற்றிக் காணும் காற்றையும் அலையையும் அதில் திருப்பிச் சொல்ல வழியில்லை, மிதவைகள் குறைந்த கடலில் அந்தத் தகவலைவிட அரியது எது? கொச்சியிலிருந்து போகும் படகுகளில் தமிழர்களோடு வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர் உறங்கும் இரவில் திரையில் ஓடும் மொழி காவலிருப்பவனுக்குப் புரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருவழிக் கருவியின் வழியே "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற பழைய வாசகமே போகுமானால், கம்பத்திலிருந்த கூண்டைப் படகுக்கு மாற்றியதோடு வேலை நின்றுவிடும்.

அவசரமும் கூடிக்கொண்டிருக்கிறது. அரபிக்கடலில் புயல் அபூர்வம் என்ற நினைப்பில் மேற்குக் கரை பல தலைமுறை வாழ்ந்துவிட்டது. புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை இக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியிருக்கிறது, புயல் நீடிக்கும் காலமும் கூடியிருக்கிறது. கடல்நீர் சூடேறுவதே இதற்கு முக்கியக் காரணம். சூடேறிய நீர்மேல் புயல் விரைந்து வலுப்பெறும், கிடைக்கும் அவகாசம் இன்னும் சுருங்கும். ஒக்கியை விதிவிலக்கென்று கருதி ஒதுக்கிவைக்க இனி வழியில்லை. இந்த நிலையில் "கேட்காமல் போனார்கள்" என்ற பொதுக்கருத்து வெறும் அநியாயமான பேச்சாக நின்றுவிடாது, பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும். மீறல்தான் நோய் என்றால் மருந்து அபராதம், காவல், மானியத்தை நிறுத்துவது. சேராமைதான் நோய் என்றால் மருந்து மிதவை, அலைபரப்பு, தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் எழுதத் தெரிந்த முன்கணிப்பாளர், எச்சரிக்கை நாளுக்கு ஈட்டுத்தொகை. நோயைத் தவறாகக் கணித்தால் அடுத்த புயலிலும் அதே ஊர்கள்தான் ஆளிழக்கும்.

அந்த ஊர்கள் 2017 டிசம்பரில் என்ன செய்தன என்பதையும் இந்த விவாதத்தில் வைக்க வேண்டும். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மீனவர்கள் கடல் முழுதாக அடங்கும்வரை காத்திருக்காமல் தங்கள் படகுகளிலேயே தேடிப் போனார்கள், உடல்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அவர்களில் உண்டு. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது நிவாரணத் தொகை இல்லை. இன்னும் கடலில் இருப்பவர்களைத் தேடுங்கள், எங்கள் படகுகள் எவ்வளவு தூரம் போகும் என்று எங்களுக்குத் தெரியும், எங்களையும் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்த் தேடுங்கள் என்று கேட்டார்கள். எந்தப் படகு எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது கிளம்பியது, எத்தனை பேர், எந்தப் பக்கம் தொழில் செய்யும் என்ற பட்டியல் அரசு அலுவலகங்களில் முழுமையாக இல்லாத அந்த நாட்களில், காணாமல்போனவர்களின் கணக்கைப் பங்குக் கோயில்களில் உட்கார்ந்து பெயர் பெயராக எழுதினார்கள். தோப்பும்படியிலிருந்து படகுகள் மறுபடி கிளம்பின. கிளம்பும் ஒவ்வொரு படகின் எண்ணும் ஆட்கணக்கும் போகும் திசையும் அன்றன்றைக்கே வானிலை முன்கணிப்பாளரின் மேசையில் இருக்க வேண்டும். அவர் எழுதப்போகும் அடுத்த எச்சரிக்கையை அந்தப் பட்டியலைப் பார்த்தபடி எழுத வேண்டும்.